பொம்மையின் கையில் கயிறு கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அக்டோபர் 13 உலகப் பேரிடர் அபாயக் குறைப்பு நாள். அதையொட்டிப் பள்ளிகளில் பொம்மலாட்டமும் ஓவியப் போட்டியும் வைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் இதைச் செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொம்மை செய்யும் தவற்றை வைத்துப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்காதீர்கள்.

தோல்பாவைக்கூத்தில் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடிபட்டு விழுந்தால் கூட்டம் சிரிக்கும். கூத்துக்கு அது அழகு. அதே பாணியில் ஒரு சேட்டைக்காரப் பையன் பொம்மையை ஊருணியில் தொபுக்கென்று விழவைத்து, கடைசியில் அப்பத்தா பொம்மையை வந்து அறிவுரை சொல்ல வைத்தால், பிள்ளைகள் மனத்தில் நிற்பது அந்தத் தொபுக் மட்டும்தான். மறுநாள் இடைவேளையில் அதைத்தான் நடித்துப் பார்ப்பார்கள். தவற்றை ஒரு நொடியில் காட்டிவிட்டு நகர வேண்டும். சரியான செயலை மெதுவாக, மூன்று முறையாவது காட்ட வேண்டும். பிறகு பொம்மையை மாணவர் கையிலேயே கொடுத்துச் செய்ய வைக்க வேண்டும்.

செட்டிநாட்டில் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது தண்ணீர். கோடையில் சவுடு மண் அள்ளிய கண்மாய்களில் ஆளை மறைக்கும் பள்ளம் கிடக்கும். ஐப்பசி மழையில் நிறைந்துவிட்டால் மேலே பார்க்க எல்லாம் ஒரே மட்டம். நாலு எட்டு வரை முழங்கால் தண்ணீர், அடுத்த எட்டில் தரை இருக்காது. ஊருணிப் படிகளிலோ பாசி. மூழ்குகிறவர் கைக்கு அகப்பட்டதை இறுக்கிக்கொள்வார் என்பதால், காப்பாற்றக் குதிக்கும் பிள்ளையும் சேர்ந்தே போகிறது. எனவே நாடகத்தின் பாடம் மூன்றே சொல்: கத்து, எறி, இறங்காதே. எறிவது கயிறு கட்டிய கேன்.

இதற்குக் கையுறைப் பொம்மைதான் சரி. நூல் பொம்மையால் எதையும் பிடிக்க முடியாது. ஆள்காட்டி விரல் தலைக்குள், கட்டைவிரலும் நடுவிரலும் இரு கைகளுக்குள். பொம்மையின் கையைத் தடித்த பருத்தித் துணியில் தையுங்கள். வழவழப்பான துணியில் கயிறு நழுவும். பழைய கண்டாங்கித் துணி அப்பத்தாவுக்கு உடுப்பாகும். முழங்கை வரை நீளம் இருக்கட்டும். தலைக்குச் செய்தித்தாள் உருண்டையின் மேல் மைதாப் பசையில் நனைத்த தாள்துண்டுகளை நாலைந்து அடுக்கு ஒட்டினால் போதும். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் காய்ச்சுங்கள். பூச்சி வராதிருக்க மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசையில் வேண்டாம். தலை மூன்று அங்குலத்தைத் தாண்டினால் கனத்தில் விரல் மடங்கி, பொம்மை தரையைப் பார்த்துக்கொண்டே நிற்கும். இந்த வேலையை ஆவணியிலேயே முடித்துவிடுங்கள். மழை பிடித்துவிட்டால் தலை காயாது, பூஞ்சை பூக்கும்.

மேடையில் காலி மருந்துப் பாட்டிலில் சணல் கட்டி, பொம்மை அதை நீலத் துணிமேல் எறியட்டும். நாடகம் பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முடிந்த கையோடு எல்லாரையும் மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். கோலமாவால் ஒரு மீட்டர் அகல வட்டம் போட்டு, ஐந்து மீட்டர் தள்ளிப் பிள்ளைகளை நிறுத்துங்கள். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் கைப்பிடியளவு தண்ணீர் விட்டு மூடியை இறுக்கினால் எறிவதற்கு வாகாக இருக்கும், மிதக்கவும் செய்யும். வெறும் கேனைக் காற்று தள்ளிவிடும். பிளாஸ்டிக் கயிறு மிதக்கும் என்பதால் அதையே கட்டுங்கள், நைலான் முங்கிவிடும். கேன் ஆளைத் தாண்டி விழ வேண்டும், அப்போதுதான் இழுக்கும்போது கயிறு அவர் கைக்கு வரும். அவர் முகத்துக்கு நேராக எறியக் கூடாது. எறியும் வேகத்தில் பிள்ளைகள் கயிற்றின் மறுமுனையையும் விட்டுவிடுவார்கள். நுனியில் பெரிய முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு முன்னால் கயிற்றைக் காலால் மிதிக்கப் பழக்குங்கள். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. இழுக்கும்போது மண்டியிட வேண்டும் அல்லது குப்புறப் படுக்க வேண்டும்; நின்றுகொண்டு இழுத்தால் பாசிப்படி சறுக்கிவிடும்.

தண்ணீருக்கு அடுத்தது தீ. அதன் புகையைக் காட்ட நிழற்பாவை பொருந்தும். கோப்பு அட்டையில் உருவம் வெட்டி, இடுப்பில் நூல் முடிச்சால் மூட்டு வைத்தால் பொம்மை குனியும், தவழும். வெள்ளை வேட்டியே திரை. பின்னால் எல்இடி பல்பு போதும். அகலோ மெழுகுவத்தியோ துணிக்குப் பக்கத்தில் வரவே கூடாது. கறுப்பு மெல்லிய துணியை மேலிருந்து மெல்ல இறக்கினால் அதுதான் புகை. துணி இறங்க இறங்கப் பொம்மை அதற்குக் கீழே தவழ்ந்து வாசலை அடையும். சூடான புகை மேலே தேங்கும், மூச்சுவிடும் காற்று தரையோரம் இருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம், கண்ணுக்குத் தெரிந்துவிடும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளை இழந்த பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் போயின. புகைக்குள் எப்படி நகர்வது என்ற பயிற்சியும் எல்லாப் பிள்ளைகளையும் எட்ட வேண்டாமா?

ஓவிய வகுப்பில் தீயையும் புயலையும் வரையச் சொல்வதைவிட, அவரவர் வீட்டை வரையச் சொல்லுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் நம் வீடுகளில் பின்வாசலைப் பெரும்பாலும் பூட்டியே வைத்திருப்பார்கள், சாமான் அடைத்திருக்கும். வெளியேறும் வழியைச் சிவப்பில் போட்டு, சாவி தொங்கும் ஆணியையும் குறிக்கட்டும். படத்தின் மூலையில் 112 என்ற எண்ணும், வீட்டுக்கு அருகிலுள்ள கோயில் அல்லது ஊருணியின் பெயரும் இருக்கட்டும். கதவு எண் தெரியாத பிள்ளையும் அந்தப் பெயரைச் சொல்லிவிடும்.

தீத்தொண்டு வாரம் ஏப்ரல் 14இல் தொடங்குகிறது. அப்போது பள்ளிகளில் தேர்வு நெருக்கடி. தீயணைப்பு நிலையத்தார் புரட்டாசியில் ஒருநாள் வந்து, பிள்ளைகளின் நாடகத்தைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் பெரிய உதவி.

ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளியில் எறியப் பழகிய பிள்ளை கரையில் கேனைத் தேடும்போது அது அங்கே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஊருணியிலும் பிள்ளைகள் குளிக்கும் கண்மாய்த் துறையிலும் ஒரு கம்பம் நட்டு, கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கேனையும் பதினைந்து மீட்டர் கயிற்றையும் மாட்டிவையுங்கள். வெயிலில் பிளாஸ்டிக் கயிறு இற்றுப்போகும். ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் மாற்றிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி வட்டாரம்.