அரையாண்டுத் தேர்வுக்குப் பின் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் நல்லபடியாகப் பள்ளிக்குத் திரும்பியிருக்கிறார்கள். அறுவடை நேரம் என்றாலும் வீட்டில் நிறுத்திக்கொள்ளாமல் முதல் நாளே அனுப்பி வைத்தீர்கள், நன்றி. அரையாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் காலாண்டைவிட நன்றாகச் செய்திருக்கின்றன. கபடி அணி பரிசு வாங்கி வந்தது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பிள்ளைகள் ஏழு நாளும் ஒழுங்காக வேலை செய்தார்கள். மதிப்பெண் பட்டியலை வகுப்பாசிரியரிடம் பார்த்துக் கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.

இனி நான் எழுதப்போவது கணினி வகுப்பைப் பற்றி. பன்னிரண்டாம் வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் பாடம் எடுத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

டிசம்பர் மாதம், அரையாண்டுச் செய்முறைத் தேர்வுக்குச் சில நாள் முன்பு, ஒரு மாணவி கணினி ஆய்வகத்தில் தன் கோப்புறையைத் திறந்திருக்கிறாள். உள்ளே ஒன்றுமில்லை. ஆறு நிரல்கள், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்புகள், எழுதி வைத்திருந்தாள், ஆறும் காணோம். தான்தான் ஏதோ தவறாக அழுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் சாப்பிடாமல் படுத்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்து, மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே பள்ளி வாசலில் வந்து நின்றார்.

நம் ஆய்வகத்தில் ஒரு கணினியை இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு, தனிப் பாஸ்வேர்டு. யார் பெயரில் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதைக் கணினி குறித்து வைத்துக்கொள்ளும். கணினி ஆசிரியர் அந்தப் பதிவை எடுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மதிய உணவு நேரத்தில் அந்த மாணவியின் பெயரில் யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவளோ வேப்பமரத்தடியில் தோழிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று யார் போனது என்பதை அந்தப் பதிவு சொல்லவில்லை. அது வேறு விதமாகத் தெரியவந்தது. அந்த மாணவியின் அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். பாடப்புத்தகத்தில் உள்ள பயிற்சியை அப்படியே அடிக்காமல், காலையில் எத்தனை லிட்டர், மாலையில் எத்தனை லிட்டர், வாரத்துக்கு எவ்வளவு வரவேண்டும் என்று கணக்குப் போடும் நிரலாக அவள் மாற்றி எழுதியிருந்தாள். அதில் மாதிரிக்காகத் தன் வீட்டு மாடுகளின் பெயரையே கொடுத்திருந்தாள். செய்முறை ரெக்கார்டு நோட்டைத் திருத்தும்போது இன்னொரு பிள்ளையின் நிரலிலும் அதே மாடுகள், அதே லிட்டர் கணக்கு. மேலே பெயர் மட்டும் மாறியிருந்தது. அந்தப் பிள்ளையின் வீட்டில் மாடே கிடையாது.

கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்காமல் சொல்லிவிட்டது. மூன்று மாதம் முன்பு அந்த மாணவி காய்ச்சலில் படுத்திருந்தபோது, தன் வேலையை ஆசிரியரிடம் காட்டச் சொல்லித் தானாகவே பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பாஸ்வேர்டு பிறகு மாற்றப்படவே இல்லை. ரெக்கார்டு முடிக்க நாள் நெருங்கியதும், ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று இந்தப் பிள்ளை உள்ளே போயிருக்கிறது. அவசரத்தில் 'காப்பி' என்பதற்குப் பதிலாக 'கட்' கொடுத்துவிட்டது. ஆறு நிரலும் இந்தப் பக்கம் வந்துவிட்டன, அந்தப் பக்கம் காலி. என்ன நடந்தது என்று புரிந்த பிறகு, பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

இது யார் என்று தயவுசெய்து தேடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் பேச வேண்டாம். இரு வீட்டாருக்கும் விவரம் தெரியும், அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். இன்றும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.

இதில் எங்கள் பக்கத் தவறும் இருக்கிறது. ஜூன் மாதம் கணக்குத் தொடங்கிக் கொடுத்தபோது எல்லோருக்கும் சேர்க்கை எண்ணையே பாஸ்வேர்டாக வைத்துக் கொடுத்தோம். மாற்றிக்கொள்ளச் சொன்னோம், மாற்றினார்களா என்று பார்க்கவில்லை. மதிய வேளையில் ஆசிரியர் இல்லாமலே ஆய்வகம் திறந்திருந்தது. சம்பவத்துக்குப் பிறகு நானே போய் ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். ஒரு கீபோர்டைத் தூக்கினால் அடியில் நான்காக மடித்த ஒரு தாள். நான்கு பேரின் பெயரும் எதிரே அவரவர் பாஸ்வேர்டும் பென்சிலில் எழுதியிருந்தன. இரண்டு பிறந்த தேதி, ஒன்று அப்பாவின் கைபேசி எண், ஒன்று வரிசையாக ஒன்றிலிருந்து ஆறு வரை. வகுப்பில் விசாரித்தால், நெருங்கிய நண்பரிடம் சொல்லாமல் வைத்திருப்பதுதான் தப்பு என்ற எண்ணத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாஸ்வேர்டைச் சொல்வது நட்புக்கு அடையாளமாகிவிட்டது.

நிரலை எடுத்த அந்தப் பிள்ளையின் அப்பா என்னைப் பார்க்க வந்தபோது ஒன்று சொன்னார்: "ஒரு ரெக்கார்டுதானே டீச்சர், பிரவுசிங் சென்டர்ல காசு குடுத்தா அடிச்சுக் குடுத்துடுறாங்க, இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிசு பண்றீங்க?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளை பயந்துபோயிருப்பதைப் பார்த்த தகப்பனின் தவிப்பு அது. ஆனால் அவர் ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. வேறு சில வீடுகளிலும் பிரவுசிங் சென்டரில் அடித்து வாங்கிய தாள்களைத்தான் ரெக்கார்டில் ஒட்டியிருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ரெக்கார்டு என்பது பிள்ளை தன் கையால் செய்ததற்குச் சாட்சி. இந்தப் பாடத்தில் 100 மதிப்பெண்ணில் 70 எழுத்துத் தேர்வுக்கு, 20 செய்முறைக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. செய்முறைத் தேர்வன்று வெளிப்பள்ளியிலிருந்து வரும் தேர்வாளர் திரையைக் காட்டி, "இந்த வரி என்ன செய்கிறது?" என்று கேட்பார். மாட்டுக் கணக்கு எழுதிய பிள்ளை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்லும். காசு கொடுத்து வாங்கிய பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். இருபது மதிப்பெண் போவதைவிட, அப்படி நிற்கும் பிள்ளையைப் பார்ப்பதுதான் எங்களுக்குக் கஷ்டம்.

ஆகவே இந்த மாதம் முதல் ஆய்வகத்தில் சில ஏற்பாடுகள் மாறுகின்றன. எல்லாப் பாஸ்வேர்டும் புதிதாக மாற்றப்பட்டுவிட்டன. பிறந்த தேதி, கைபேசி எண், சேர்க்கை எண் மூன்றும் கூடாது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வைக்கச் சொல்லியிருக்கிறோம். பிள்ளைக்கு நினைவிருக்கும், பக்கத்தில் இருப்பவரால் ஊகிக்க முடியாது. மறந்துவிட்டால் பயப்பட வேண்டாம், ஆசிரியரிடம் வந்தால் போதும். ஆசிரியருக்கும் அந்தப் பாஸ்வேர்டு தெரியாது. கணினி அதை அப்படியே எழுதி வைப்பதில்லை. திரும்ப எடுக்க முடியாத இன்னொரு வடிவமாக மாற்றித்தான் வைக்கிறது. அதனால் பழையதைச் சொல்ல முடியாது, புதியது வைத்துத் தர முடியும். ஊருக்குப் போயிருந்தாலும் உடம்பு சரியில்லை என்றாலும், வேலையை ஆசிரியரே திறந்து பார்த்துக்கொள்வார். யாரிடமும் சொல்லி அனுப்பத் தேவையில்லை.

எழுந்து போகும் முன் கணக்கை விட்டு வெளியேற வேண்டும். தண்ணீர் குடிக்கப் போனாலும் இதேதான். பென்டிரைவ் இனி உள்ளே வராது. வெளிக் கணினிகளில் செருகி எடுத்துவந்த பென்டிரைவால் முன்பு ஒருமுறை பாதி ஆய்வகம் வைரஸ் பிடித்துப் படுத்தது. கைபேசி பள்ளிக்கே கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ரெக்கார்டுக்கான அச்சு முழுவதும் ஆய்வகத்திலேயே, ஆசிரியர் முன்னால் எடுக்கப்படும். அதற்குக் கட்டணம் இல்லை. வெளியில் அடித்த தாள் ஒட்டியிருந்தால் கையெழுத்து விழாது.

பிள்ளைகளுக்கு விதியை மட்டும் சொன்னால் போதாது, காரணமும் தெரிய வேண்டும் என்று கணினி ஆசிரியர் ஒரு வகுப்பு முழுவதும் இதற்கே ஒதுக்கினார். கணினியில் பாஸ்வேர்டு என்ற ஏற்பாடு வந்ததே நம்மைப் போல ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டதால்தான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ கார்படோ என்பவரின் குழு, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கணினியை அமைத்தது. ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாமல் இருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்தார்கள். 1962-இல் அங்கேயே ஓர் ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று எல்லோருடைய பாஸ்வேர்டையும் அச்செடுத்து மற்றவர்கள் பெயரில் உள்ளே போனார். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்களாம். பின் வரிசையில் ஒரு பிள்ளை மட்டும், "அவர் பேர்ல போனதால யாரோட நேரம் சார் குறைஞ்சது?" என்று கேட்டதாம். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இப்போது சற்றுக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொருவர் கணக்கில் நுழைவது இனி இந்தப் பள்ளியில் விளையாட்டாக எடுத்துக்கொள்ளப்படாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி பிரிவு, அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகவோ நேர்மையற்ற எண்ணத்தோடோ பயன்படுத்துவதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. பிள்ளைகளைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பதினெட்டு வயது தாண்டி வேலைக்குப் போகும் இடத்தில் இதே பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நீங்கள் அறிய வேண்டும். பள்ளியில் இப்படி நடந்தால் அன்றே பெற்றோரை அழைப்பேன். அந்தப் பிள்ளை இரண்டு வாரம் ஆசிரியரின் பக்கத்து மேசையில் மட்டும் உட்கார்ந்து வேலை செய்யும். நகல் எடுத்த நிரல் ஏற்கப்படாது, மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். பாஸ்வேர்டைக் கொடுத்த பிள்ளையும் விளக்கம் சொல்ல வேண்டும். சிபாரிசோடு யாரும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆய்வகத்துக்கு வரக்கூடாது என்று மட்டும் எந்தப் பிள்ளையையும் நிறுத்தமாட்டோம். செய்முறை அவர்களுடைய உரிமை.

இது வீட்டிலும் இருக்கிறது என்பதால்தான் மற்றப் பெற்றோரும் படிக்க வேண்டும் என்றேன். பல வீடுகளில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதிலிருந்து பணம் அனுப்புவது வரை பிள்ளைகள்தான் அம்மா அப்பாவின் கைபேசியில் செய்து தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஏடிஎம் எண் தினசரி நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது, வந்த ஓடிபியை வாசல்வரை கேட்கும்படி சத்தமாகப் படிக்கிறோம். கடந்த ஆண்டு நம் பள்ளி அம்மா ஒருவருக்கு, பிள்ளையின் உதவித்தொகை வந்திருப்பதாக ஓர் அழைப்பு வந்தது. கைபேசியை எடுத்த பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை, கேட்டவுடன் ஓடிபியைப் படித்துச் சொல்லிவிட்டது. மகளிர் குழுவுக்குக் கட்ட வைத்திருந்த பணம் போயிற்று. யார் கேட்டாலும் சொல்லிவிடும் பழக்கம் ஆய்வகத்தில் ஒன்று, வீட்டில் வேறொன்று என்று இருக்காது. எந்த உதவித்தொகைக்கும் பள்ளி ஓடிபி கேட்காது. கைபேசியில் பணம் நமக்கு வர, 'பின்' எனும் ரகசிய எண்ணை அழுத்த வேண்டியதே இல்லை, அழுத்தச் சொன்னால் அது பணத்தை எடுக்கத்தான். தவறிப் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. பிள்ளை தவறு செய்திருந்தால் அடிக்காதீர்கள். அடிக்குப் பயந்து ஒளித்தால் அந்தச் சில மணி நேரமும் போய்விடும்.

காணாமல் போன ஆறு நிரல்களும் மற்றக் கணக்கில் அப்படியே இருந்தன, அந்த மாணவியிடம் திரும்பி வந்துவிட்டன. அவளுடைய அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: அந்தப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் நிறுத்திவிட வேண்டாம் என்றார். எத்தனை பேருக்கு அந்த மனம் வரும் என்று தெரியவில்லை, அவருக்கு என் வணக்கம். முதலில் கோபப்பட்ட அந்த அப்பாவும் மறுநாள் வந்து, பிள்ளை தானே உட்கார்ந்து முதலிலிருந்து எழுதட்டும், தினமும் மாலை நான் வந்து அழைத்துப் போகிறேன் என்றார். சொன்னபடி வந்துகொண்டிருக்கிறார். தன் சொந்த நேரத்தில் ஆறு மணிவரை ஆய்வகத்தில் இருக்கும் கணினி ஆசிரியருக்கும் உங்கள் எல்லோர் சார்பிலும் நன்றி சொல்கிறேன்.

செய்முறைத் தேர்வு முடியும்வரை திங்கள் முதல் வெள்ளி வரை மாலை நாலரை முதல் ஆறு மணிவரை ஆய்வகம் திறந்திருக்கும், ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருப்பார். கடைசிப் பேருந்தில் போகும் பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்களுக்கு முதலில் இடம் ஒதுக்குகிறோம். கடிதத்தோடு இருக்கும் சீட்டைப் பிள்ளையோடு சேர்ந்து படித்து, இருவரும் கையெழுத்திட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பி வையுங்கள். படிக்கச் சிரமம் இருந்தால் நேரில் வாருங்கள், நானே படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்