பறவை அறைக்கு ஒரு காப்பாட்சியர் வேண்டும்: அருங்காட்சியக நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பறவையியல் பிரிவின் காப்பாட்சியர் பணியிடம் நான் ஓய்வு பெற்ற நாள் முதல் காலியாக இருப்பதையும், நாணயப் பிரிவின் அலுவலரிடம் அது கூடுதல் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்டிருப்பதையும் தாங்கள் அறிவீர்கள். அவர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. இரண்டையும் ஒருவரே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தவர்களிடம்தான் என் வருத்தம்.

சென்ற மாதம் ஓர் ஆய்வு மாணவிக்கு உதவ, அனுமதி பெற்று, பாடம் செய்த பறவைகளை வைத்திருக்கும் அந்த அறைக்குள் சென்றேன். மீன்கொத்திகளின் இழுப்பறையைத் திறந்தபோது, மல்லாந்து கிடந்த பறவைகளுக்கு அடியில் காப்பித்தூள் போலப் பழுப்புத் தூள் படர்ந்திருந்தது. அதனிடையே வண்டுப் புழுக்கள் உரித்துப் போட்ட தோல்கள் கிடந்தன. வெண்மார்பு மீன்கொத்தி ஒன்றை இரு கைகளாலும் தாங்கி எடுத்தேன். நீல இறகுகள் உதிர்ந்தன, உள்ளே திணித்த பஞ்சு வெளியே தெரிந்தது. காலில் கட்டியிருந்த நூலோடு சீட்டும் அறுந்து போயிருந்தது. அப்படி அறுந்து விழுந்த சீட்டுகள் அந்த ஓர் இழுப்பறையில் மட்டும் 11 இருந்தன.

பாடம் செய்த பறவைக்கு அந்தச் சீட்டுதான் உயிர். எந்த ஊரில், எந்த நாளில், யார் பிடித்தார், ஆணா பெண்ணா என்ற குறிப்பு இல்லையென்றால் எஞ்சுவது வெறும் இறகுக் கட்டு. ஒரு பொய்ச் சீட்டு என்ன செய்யும் என்பதற்குக் காட்டுச் சிற்றாந்தையே சாட்சி. 1884-க்குப் பிறகு நம்பத்தக்க பதிவே இல்லாதிருந்த அந்த ஆந்தையை 1914-இல் குஜராத்தில் தாம் பிடித்ததாக, பறவைகளைச் சேகரித்துவந்த ஆங்கிலேயப் படை அதிகாரி மெய்னர்ட்ஸ்ஹேகன் எழுதி வைத்திருந்தார். அது லண்டன் அருங்காட்சியகத்திலிருந்து களவாடப்பட்ட பறவை என்பதையும், உண்மையில் அதைச் சேகரித்தவர் ஜேம்ஸ் டேவிட்சன் என்பதையும், தோலைப் பதப்படுத்தி அடைத்திருந்த முறையைக் கூர்ந்து ஆராய்ந்தே பறவையியலாளர்கள் பமீலா ராஸ்முசனும் நைகல் காலரும் நிறுவினார்கள். அந்தப் பொய்க் குறிப்பை ஒதுக்கிவிட்டு, பழைய நம்பகமான சீட்டுகள் காட்டிய இடங்களில் தேடிய ராஸ்முசன் குழுவினர் 1997-இல் மகாராஷ்டிரத்தின் சகாதா அருகே அந்த ஆந்தையை உயிரோடு கண்டார்கள்.

அப்படிப்பட்ட சீட்டுகள்தாம் நம் அறையில் தூளோடு கிடக்கின்றன. காட்சிக்கூடத்துக்குப் புதுச் சாயமும் புது விளக்குகளும் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் பார்வையாளர் கால் படாத அறைக்கு ஓர் ஆள்கூடக் கிடைக்காதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இழுப்பறைகளைத் தவறாமல் திறந்து பார்ப்பதும், பூச்சி கண்ட பறவையைப் பாலித்தீனில் சுற்றி உறைகுளிரில் வைப்பதும், பழைய தோல்களில் பாஷாணம் இருப்பதை அறிந்து கையுறையோடு தொடுவதும் ஓய்வு நேரத்தில் செய்யக்கூடிய வேலை அல்ல. இன்று அழிவதை நாளை வாங்கி வைக்கவும் முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பறவைகளை நினைத்தபடி சேகரிக்க இயலாது என்பது ஒருபுறம் இருக்க, நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு பறவையை எவர் சென்று பிடித்து வர முடியும்?

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். பறவைகளை அறிந்த ஒருவரை முழுநேரக் காப்பாட்சியராக நியமியுங்கள் என்பதே என் கோரிக்கை. அவருக்கு ஊதியமின்றிப் பயிற்சி அளிக்க நான் அணியமாக இருக்கிறேன். அந்த 11 சீட்டுகளையும் ஓர் உறையிலிட்டு, அதே இழுப்பறையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவற்றில் எது எந்தப் பறவையினுடையது என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
பறவையியல் பிரிவின் முன்னாள் காப்பாட்சியர்