மேஜிக் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர், நிர்வாகிகள், உறுப்பினர்கள், பெற்றோருடன் வந்திருக்கும் இளம் கலைஞர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது.

விரிவாகச் சொல்ல வேண்டியது இளையோர் பயிற்சியைப் பற்றி. ஆண்டுத் தொடக்கத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் சேர்ந்தார். யூடியூப் பார்த்தே சீட்டு, காசு, ரப்பர் பேண்டு என்று ஏகப்பட்ட ஐட்டங்களைக் கற்றிருந்தார். விரல் வேகம் அபாரம். ஆனால் ஒன்றைப் பார்த்து ஜனம் வாய் பிளப்பதற்குள் அடுத்தது தொடங்கிவிடும்.

மற்றதை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு, கிண்ணங்களுக்கு அடியில் பந்துகள் மறைந்து தோன்றும் 'கிண்ணமும் பந்தும்' மட்டும் பழகட்டும் என்று பயிற்சிக் குழு முடிவெடுத்தது. தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் பழகினார். வலக்கைப் பந்தை இடக்கைக்கு மாற்றுவதாகக் காட்டும்போது அவர் கண் மட்டும் வலக்கையை விட்டு நகரவில்லை. நம் மூத்த உறுப்பினர், "பந்து இடது கையில இருக்குன்னு முதல்ல நீ நம்புப்பா, அப்புறம் ஜனம் நம்பும்" என்றார். கண்ணாடியை விட்டுவிட்டு செல்போனில் படம்பிடித்துப் பார்க்கவும் சொன்னார். கண்ணாடி முன் நிற்கும்போது, ரகசிய அசைவு நடக்கும் நொடியில் நம்மை அறியாமலே கண் சிமிட்டிவிடுவோம், பிசகு நமக்கே தெரியாது. கேமரா அப்படி விட்டுக்கொடுக்காது.

புகழ்பெற்ற வங்காள மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் பிறந்த நாளான பிப்ரவரி 23ஐ ஒட்டி ஒரு பள்ளியில் நிகழ்ச்சி நடத்தினோம். 1956இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் அவர் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்துக்காட்டியதும் நிகழ்ச்சி சட்டென்று முடிந்துவிட, அந்தப் பெண் செத்தேபோய்விட்டாள் என்று பயந்து ஜனம் போன் மேல் போன் போட்ட கதையைத் தலைவர் சொன்னார். அடுத்து நம் தம்பி. பிள்ளைகள் தரையில் மூன்று பக்கமும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கை காட்டிக்கொடுத்துவிடும். அவர் பதறாமல் மேசையைச் சுவரோடு தள்ளி, எல்லோரையும் முன்பக்கம் வரச் சொன்னார். நடுவில் ஒரு பந்து உருண்டு கீழே விழுந்தது. "அதுக்கும் போரடிச்சிருச்சு போல" என்றார், சிரிப்பு அடங்கவில்லை. கடைசியில் கிண்ணத்தைத் தூக்கியதும் எலுமிச்சம்பழம். ஐட்டங்களுக்கு நடுநடுவே சொம்பைக் கவிழ்த்து, காலியான சொம்பிலிருந்து மறுபடி மறுபடி தண்ணீர் ஊற்றினாரே, அது சர்க்கார் மேடைதோறும் காட்டிய 'வாட்டர் ஆஃப் இந்தியா'. செய்முறை உறுப்பினர்களுக்குத் தெரியும், அறிக்கையில் எழுத மாட்டேன்.

அந்த வீடியோவை இன்ஸ்டாகிராமில் போடலாமா என்று செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. வித்தை காட்டியதைப் போடலாம், சூட்சுமத்தைப் போடக் கூடாது என்று தீர்மானித்தோம். என்னைக் கேட்டால், சூட்சுமம் வெளியே போவதைவிட, அதை மட்டும் தெரிந்துகொண்டு பழகாமல் மேடை ஏறுவதுதான் நம் கலைக்குப் பெரிய கெடுதல்.

தம்பிக்கு இந்த ஆண்டு பிளஸ் டூ. அவருடைய அம்மா கேட்டுக்கொண்டபடி வரும் டிசம்பரிலிருந்து தேர்வு முடியும்வரை மேடை கிடையாது. புறா வேண்டும் என்று அவர் கேட்டதையும் ஏற்கவில்லை. விலங்கு, பறவைகளை வைத்து வித்தை காட்டப் பதிவு வேண்டும் என்று மத்திய அரசின் 2001ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பட்டுத் துணிகளே போதும்.

சங்க அலமாரியிலிருந்து இணைப்பு வளையங்களை எடுத்துச் சென்ற உறுப்பினர் அவற்றை மறைய வைத்தது போதும், அடுத்த கூட்டத்துக்குள் தோன்ற வைக்கவும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

நன்றி.
செயலாளர்