பி.இ.டி. பீரியடைக் கடன் கொடுக்காதீர்கள்

கோத்தகிரி பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுத் தலைவர் அக்காவுக்கும், தலைமையாசிரியர் அவர்களுக்கும், குழுவில் இருக்கிற மற்ற பெற்றோருக்கும் வணக்கம். பள்ளியின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. நீலகிரியில் பாதிப் பள்ளிகள் இதை வாசித்துவிட்டு "நம்மளைத்தான் சொல்றாங்க" என்று நினைத்தால் நல்லதுதான்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. வாரத்துக்கு இரண்டு பி.இ.டி. பீரியட், அதாவது விளையாட்டு வகுப்பு, கால அட்டவணையில் மட்டும். ஒன்றைக் கணக்கு எடுத்துக்கொண்டது, காலாண்டுத் தேர்வு நெருங்கியதும் மற்றதை அறிவியல் எடுத்துக்கொண்டது. கேட்டால் கடன் என்கிறார்கள், ஆனால் திருப்பிக் கொடுத்ததாக எந்தப் பிள்ளையும் சொல்லவில்லை.

போன கூட்டத்தில் இதைக் கேட்டபோது ஒரு பெரியவர், "மலைப் பிள்ளைகளுக்கு எதுக்குத் தனியா விளையாட்டு, தினமும் ஏறி இறங்குறது போதாதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் காலத்துக்கு அது சரி. இப்போது யார் ஏறி இறங்குகிறார்கள்? வேன், ஜீப், மினி பஸ் என்று வாசல் வரை வண்டி வருகிறது. சாயங்காலம் பார்த்தால் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கிறது, கரடி விளக்கு எண்ணெய்க்காகக் கோயில் கதவை உடைக்கிறது, சிறுத்தை நாயைத் தூக்கிப் போகிற வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, இதையெல்லாம் பார்த்த பிறகு இருட்டுகிற நேரத்தில் எந்த வீட்டில் பிள்ளையை வெளியே விளையாட விடுவார்கள்? நானும் விடுவதில்லை. பயமில்லாமல் ஓடியாட மிச்சம் இருக்கிற ஒரே இடம் பள்ளி மைதானம்.

அப்புறம், மேடு ஏறினால் காலுக்கும் மூச்சுக்கும் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் எறிய, பிடிக்க, குதிக்க, விழாமல் திரும்ப அது கற்றுத்தராது. எங்கள் ஹட்டியில், அதாவது எங்கள் மலைக் கிராமத்தில், நேராக நூறு மீட்டர் சமதளம் கிடையாது, இருக்கிற கொஞ்ச இடத்திலும் பிக்கப் வண்டிகள் நிற்கின்றன. நூறு மீட்டரை முழு வேகத்தில் ஒரு தடவைகூட ஓடிப் பார்க்காமல் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். கீழேயிருந்து ஓட்டக்காரர்கள் உயரத்தில் பயிற்சி எடுக்கிறோம் என்று ஊட்டிக்கு ஏறி வருகிறார்கள், அதே மலையில் பிறந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், வேடிக்கைதான்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் பலப்படுத்துகிற மாதிரி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் 2019-இல் 146 நாடுகளின் கணக்கை வெளியிட்டார்கள்: 11 முதல் 17 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 81 பேருக்கு அந்த அளவு கிடைப்பதில்லை. பெண்பிள்ளைகளில் அது 85. என்னைக் குடைவது இந்த 85தான். எலும்பு பலத்தில் பெரும்பகுதி 18, 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது, பிற்பாடு முதுகில் தேயிலைக் கூடை சுமக்கப்போகிறவளாக இருந்தாலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப்போகிறவளாக இருந்தாலும் அவள் செலவழிக்கப்போவது இப்போது சேர்த்ததைத்தான். நாமோ சரியாக அந்த வயதில்தான் "பெரிய பிள்ளை ஆயிட்டா, போதும்" என்று உட்காரவைக்கிறோம். உடை மாற்ற ஒரு அறை, தண்ணீர் வருகிற கழிவறை இரண்டும் இருந்தால் பாதிப் பேர் தாமாகவே மைதானத்துக்கு வருவார்கள்.

பத்தாம் வகுப்பு மார்க் குறையும் என்ற பயம் புரிகிறது. 2009-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன ஆய்வு நடந்தது, ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 20 நிமிடம் நடந்துவிட்டு வந்து தேர்வு எழுதியபோது கவனமும் வாசித்துப் புரிந்துகொள்வதும் கூடியிருந்தது. சின்னப் பிள்ளைகள், சின்ன ஆய்வு, அதை வைத்து மார்க் ஏறும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மதியம் தூங்கி வழிகிற பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு பீரியட் வைப்பதால் மார்க் ஏறும் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்?

பி.டி. சாரைக் குறை சொல்லவில்லை. பக்கத்துப் பள்ளிகளோடு ஆடுகிற குறுவட்டப் போட்டிக்கு டீம் தயார் செய்யச் சொல்கிறோம், அவரும் நன்றாக ஆடுகிற பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு ஓடுகிறார், மற்றவர்கள் படியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் காவல் காக்கிறார்கள். வாலிபால் கீழ்ப்பக்கம் தாண்டினால் போச்சு, நாலு வரிசை தேயிலைக்குக் கீழே உருண்டுவிடும். ஒரு பையன் செடியைப் பிடித்துப் பிடித்துச் சறுக்கி இறங்கி, அட்டை ஏறிய காலோடு பந்தை எடுத்து வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

அதனால் கேட்பது இவ்வளவுதான். பி.இ.டி. பீரியடை எந்தப் பாடத்துக்கும் மாற்றக் கூடாது என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள், பத்தாம் வகுப்புக்கும் சேர்த்து. மழை, மூடுபனி நாட்களில் ஹாலைத் திறந்துவிடுங்கள், ஸ்கிப்பிங் கயிறும் சிலம்பக் கம்பும் போதும். மைதானத்தின் கீழ்ப்பக்கம் உயரமாக நைலான் வலை கட்ட வேண்டும். வலைக்கான பணத்தை எங்கள் ஊரில் வசூலித்துத் தருகிறோம், கம்பம் நடவும் ஆள் வரும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி கேட்டைத் திறந்துவைத்தால் சரி.