ஒரு பிளக் பாயிண்டுக்காக 19 நாள்: கட்டட அனுமதி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டட அனுமதிப் பிரிவில் பொறுப்பு வகிக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். கீழ்த்தளத்தில் குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டிருப்பவன் நான். மாடியில் கணவன், மனைவி, தவழும் குழந்தை, கணவனின் தாயார் என்று நான்கு பேர். சில வாரங்களுக்கு முன்பு ஒரு மாலை அந்த அம்மா மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். "தம்பி, கெட்டில் பிளக்கைப் பிடுங்கினால் விரல் சுடுகிறது, கொஞ்சம் வந்து பாருங்கள்."

போய்ப் பார்த்தேன். சமையலறை பிளக் பாயிண்டின் ஒரு துளையைச் சுற்றிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. கருகல் வாடை. மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினால், நியூட்ரல் கம்பியைப் பிடிக்கும் திருகு தளர்ந்து கிடந்தது. கம்பியின் மேலுறை நுனியில் விறைத்துப்போய், தொட்டதும் உதிர்ந்தது. சாக்கெட்டை மாற்றி, கருகிய நுனியை வெட்டி, திருகை இறுக்க வேண்டும். தெரிந்த எலக்ட்ரீஷியனுக்குக் கால் மணி நேர வேலை.

இதே பழுது கீழே என் சமையலறையில் வந்திருந்தால் அன்றிரவே சரியாகியிருக்கும். சொந்தமாகக் குடியிருக்கும் பகுதியில் உரிமையாளர் பழுது பார்க்கலாம், வாடகைப் பகுதியில் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் அனுமதி வாங்கித்தான் கை வைக்க வேண்டும் என்பது உங்கள் விதி. விண்ணப்பித்தேன். மின் வரைபடம் இணைக்கவில்லை என்று ஒருமுறை திரும்பி வந்தது. முழு வீட்டுக்கும் புதிதாக வயரிங் செய்பவருக்கும் ஒரு சாக்கெட் மாற்றுபவனுக்கும் ஒரே படிவம், ஒரே வரிசை. அனுமதி கைக்கு வர 19 நாள் ஆயிற்று.

அந்த 19 நாளில் மாடியில் நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். அந்த சர்க்யூட்டை அணைத்து வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியும் அதில்தான் இருந்தது. எனவே கூடத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்தார்கள். கதவிடுக்கு வழியாக வந்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரமாகப் போயிற்று. கதவைச் சாத்தும்போதெல்லாம் வயர் நசுங்கியது. குழந்தை அதைப் பிடித்து இழுத்தது. யாரும் தடுக்கி விழக் கூடாதே என்று அந்த அம்மா அதன்மேல் ஒரு பாயை விரித்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் சுமையேறிச் சூடாகும் வயரைப் பாயால் மூடினால் அந்தச் சூடு எங்கே போகும்? பார்த்தவுடன் எடுக்கச் சொன்னேன். நான் கீழே இறங்கிய பிறகு மறுபடி விரித்தாரா என்று எனக்குத் தெரியாது.

பழுது பார்க்கும்வரை யாரும் சமைக்காமல், குளிக்காமல் உட்கார்ந்திருப்பதில்லை. ஏதோ ஒரு தற்காலிக வழியைத் தேடிக்கொள்கிறார்கள். அந்த வழி பெரும்பாலும் பழைய பழுதைவிட ஆபத்தானது. உங்கள் ஆய்வாளரின் கண்ணில் அது படுவதும் இல்லை, ஏனென்றால் அவர் வரும் நாளில் வயரைச் சுருட்டி வைத்துவிடுவார்கள்.

ஆபத்து வந்தால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் டிரிப்பர் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று நினைக்கலாம். தளர்ந்த இணைப்பை அது கண்டுகொள்ளாது. சர்க்யூட் பிரேக்கர் மின்னோட்டம் அளவுக்கு மீறினால் விழும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழும் பாதுகாப்புச் சாதனமோ, மின்சாரம் வேறு வழியில் கசிந்தால்தான் விழும். தளர்ந்த திருகில் இரண்டுமே நடப்பதில்லை. அரை ஓம் தடை உள்ள இணைப்பில் 10 ஆம்பியர் ஓடினால், அந்த ஒரு புள்ளியில் 50 வாட் வெப்பம். ஒரு சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் செருகி வைத்ததற்குச் சமம். இப்படிப்பட்ட பழுதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

குழாய் வேலையிலும் இதே கதைதான். வாஷர் தேய்ந்து நொடிக்கு ஒரு துளி சொட்டினால் நாளொன்றுக்கு 86,400 துளி. மில்லிலிட்டருக்கு 20 துளி என்று வைத்தால் 4 லிட்டருக்கு மேல். தொட்டிக்கு அடியில் பலகை ஊறிப் பூசணம் பிடித்த பிறகு வந்து சேரும் அனுமதியால் யாருக்கு என்ன பயன்?

காத்திருக்கப் பொறுமையில்லாத உரிமையாளர்கள் இருட்டிய பிறகு யாரையாவது கூட்டிவந்து முடித்துவிடுகிறார்கள். எழுத்து இல்லை, ரசீது இல்லை, சோதனை இல்லை. பிறகு கோளாறு வந்தால் குடியிருப்பவர் புகார் கொடுக்கவும் தயங்குகிறார். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

வேறு இடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் வீட்டு மின்வேலை விதிகள் 2005இல் வந்தன, 2013இல் தளர்த்தப்பட்டன. அங்கே புதிய சர்க்யூட் இழுப்பது, மின்பகிர்வுப் பெட்டியை மாற்றுவது போன்றவற்றுக்கு முன்னறிவிப்பு வேண்டும். இருந்த சாக்கெட்டுக்குப் பதில் அதே வகைச் சாக்கெட் மாட்டுவதற்கு முன்னறிவிப்பு தேவையில்லை. அதே சமயம் 2020ஆம் ஆண்டு விதிப்படி, வாடகை வீட்டின் மின் அமைப்பை 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதித்து, அறிக்கையைக் குடியிருப்பவரிடம் தர வேண்டும். அமெரிக்காவில் பல ஊர்கள் தழுவிக்கொண்ட குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பில், அவசரப் பழுதை உடனே பார்த்துவிட்டு அடுத்த வேலைநாளில் விண்ணப்பிக்க இடமுண்டு.

நான் கேட்பதும் இதுதான். சுவிட்ச், சாக்கெட், விளக்கு ஹோல்டர், குழாய், வாஷர், ஃபிளஷ் தொட்டியின் மிதவை ஆகியவற்றை அதே இடத்தில் அதே வகையாக மாற்றுவதற்கு முன் அனுமதி வேண்டாம் என்று ஆக்குங்கள். உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்பதை நீக்காதீர்கள். வேலை முடிந்து 3 நாளுக்குள் செய்தவரின் உரிம எண்ணும் முன்னும் பின்னும் எடுத்த படங்களும் உங்களுக்கு வரட்டும். ஒரு நகல் கட்டாயம் குடியிருப்பவர் கையில் இருக்கட்டும். அவற்றில் சிலவற்றைச் சொல்லாமல் வந்து சோதியுங்கள். புதிய சர்க்யூட், மின்பகிர்வுப் பெட்டி, வெந்நீர்க் கொதிகலன், எரிவாயுக் குழாய், சுவருக்குள் மறைந்த கழிவுக் குழாய் ஆகியவற்றுக்கு இப்போதுள்ள அனுமதி அப்படியே இருக்க வேண்டும். அவற்றில் ஒரு அங்குலம்கூடத் தளர்த்தச் சொல்ல மாட்டேன்.

என்னைப் போன்ற உரிமையாளர்களை நம்பித்தான் இதைச் செய்ய முடியும், எல்லாரும் நம்பத் தகுந்தவர்கள் அல்லர் என்பதும் எனக்குத் தெரியும். மலிவாக முடிக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் குடியிருப்பவர் கையில் நகல் இருக்க வேண்டும் என்கிறேன். விதி மீறப்பட்டால் முதலில் தெரிவது அவருக்குத்தான். அவர் புகார் கொடுத்தால் அதைக் காரணம் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாதபடி விதியிலேயே எழுதுங்கள்.

மாடிச் சாக்கெட் மாற்றியாகிவிட்டது. வயரைச் சுருட்டி என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். குளியலறைக் குழாய் இப்போது சொட்டுகிறது. அதற்கான விண்ணப்பம் உங்களிடம் இருக்கிறது. அதன் எண்ணை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. என் தாளை முன்னே நகர்த்துங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை.

இப்படிக்கு,
மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு வீட்டு உரிமையாளர்