நீ எந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவன்?

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பின படத்தைப் பார்த்தோம். ரொறன்ரோவில் பழைய மாணவர் சங்கத்து இராப்போசனம், கழுத்தில் கல்லூரி நிறத்தில் ரை, பக்கத்தில் உன் வகுப்புப் பெடியள். புதுக் கேட்போர்கூடத்துக்கு நீயும் 500 டொலர் கொடுத்ததாக எழுதியிருந்தாய். படித்த இடத்தை மறக்காத பிள்ளை என்று அப்பாவுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் அன்று இரவு நித்திரை வரவில்லை, ராசா. உன்னை எழுத்துக் கூட்டி வாசிக்க வைத்தது அந்தக் கல்லூரி இல்லையே.

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நீ இருந்தது நான் படிப்பித்த எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில். நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஒரு பழைய அலுமாரியை நிறுத்தி வைத்திருந்தோம், ஞாபகம் இருக்கும். 2003இல் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை எழுதிய ஏழு பேரில் நீயும் இன்னொரு பிள்ளையும் வெட்டுப்புள்ளியைத் தாண்டினீர்கள். அதிபர் உங்கள் இரண்டு பேரின் பெயரையும் பெரிதாக எழுதி வாசலில் கட்டினார். தை மாதம் இரண்டு பேரும் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாண நகரத்துக் கல்லூரிகளுக்குப் போய்விட்டீர்கள். மிச்ச ஐந்து பேரோடு ஆறாம் வகுப்பு தொடங்கியது.

அதற்குப் பிறகும் அப்படித்தான். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று வந்தால், பள்ளிக்கூடம் முழுக்க அதைத் தூக்கிவிடப் பாடுபடும். தூக்கிவிட்டதும் அது போய்விடும். வளர்ந்து உழைக்கத் தொடங்கியதும் நகரத்துக் கல்லூரியின் பழைய மாணவன் ஆகும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டில் ஒரு சங்கம் இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கரா மத்திய கல்லூரிகளைக் கிராமப்புறங்களில்தான் திறந்தார். ஏழைப் பிள்ளை அங்கே போய்ப் படிக்கட்டும் என்றுதான் இந்தப் புலமைப்பரிசிலே வந்தது. அந்த எண்ணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீடும் அதனால் நிமிர்ந்ததுதான். ஆனால் இன்றைக்கு வருடா வருடம் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் எழுதுவது, பெரும்பாலும் ஊரை விட்டு வெளியேறுவதற்கான சோதனை. நாட்டில் ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகள். கல்வி அமைச்சின் கீழ் நேரே வரும் தேசிய பாடசாலைகள் 400 அளவில்தான். மற்றதெல்லாம் மாகாணத்தின் பொறுப்பு. நகரத்துப் பெரிய கல்லூரிக்கு அரசாங்கமும் கொடுக்கும், நீங்களும் கொடுப்பீர்கள். எங்களிடம் வருகிற கணித ஆசிரியர் கஷ்டப் பிரதேச சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் எடுத்துப் போவார். அவரையும் பிழை சொல்ல ஏலாது, அவருக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.

உன்னோடு ஒரே வாங்கில் இருந்தவன், மூன்று புள்ளியால் தவறினவன், அவனை நினைவிருக்கா? பதினோராம் வகுப்பில் ஓ.எல் சோதனை எழுதின வருடம் அவனுக்கு மூன்று கணித ஆசிரியர்கள் மாறினார்கள். கடைசித் தவணையில் ஒருவரும் இல்லை. கணிதம் சித்தியில்லாமல் கடலுக்குப் போனான். பள்ளிக்கூட வளவைத் துப்பரவாக்கச் சிரமதானம் என்றால் கத்தியோடு முதலில் வந்து நிற்பவன் அவன்தான். மகள் இப்போது நாலாம் வகுப்பு, நல்ல கெட்டிக்காரி. ஓய்வு பெற்ற பிறகும் கிழமையில் இரண்டு நாள் போய்ப் படிப்பிக்கிறேன் என்று உனக்குத் தெரியும். போன கிழமை வாசலில் வைத்து, "ரீச்சர், இவளையும் இப்பவே வான் பிடிச்சு யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்துக்கு விடட்டோ?" என்று கேட்டான். அந்தச் சின்னன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக நகரத்துக் கல்லூரியை எழுதியது என் கைதானே. விடு என்று சொல்லவும் மனம் வரவில்லை. இவளும் போனால் அந்த வகுப்பில் எட்டுப் பேர்.

உன்னை அனுப்பினதற்கு நான் வருத்தப்படவில்லை. அங்கே உனக்கு ஆய்வுகூடம், நூலகம், பாடத்துக்கொரு ஆசிரியர் எல்லாம் கிடைத்தது. அது பாலத்துக்கு இந்தப் பக்கமும் கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன். கட்டடம் வேண்டாம். கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் வரும்வரை தொண்டர் ஆசிரியர் ஒருவருக்கு மாதச் சம்பளமும் பஸ் காசும் வேண்டும். தனியே உன் தலையில் கட்ட மாட்டேன். அதிபரிடம் கேட்டுப் பழைய சேர்வு இடாப்பைப் புரட்டினேன். உன் பெயருக்கு நேரே, விலகிய காரணம் என்ற இடத்தில் 'புலமைப்பரிசில்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதே மாதிரிப் போனவர்களில் கனடாவில் இருப்பதாக எனக்குத் தெரிந்த 23 பேரின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். சிலர் உன் படத்திலும் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோல் எடுக்கும்போது கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு இரு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா