20 ரூபாவா, 200 ரூபாவா? மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாக் கட்சிகளையும் சேர்ந்த மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு, வணக்கம்.

2019 ஜனவரியில் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்துக்காகச் சங்கங்களுக்கும் கம்பனிகளுக்கும் இடையே கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது ஒரு தரப்பு "அடிப்படைச் சம்பளம் 40 வீதம் கூடியது" என்றது. எதிர்த் தரப்பு "கூடியது வெறும் 20 ரூபா" என்றது. இரண்டும் பொய்யில்லை. 2016 ஒப்பந்தத்தில் அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, தேயிலை விலைப் பங்குக்கு 30, ஆக 730. 2019இல் அடிப்படை 700, விலைப் பங்கு 50, ஆக 750. நடுவிலிருந்த இரண்டு கொடுப்பனவும் போய்விட்டன.

ஆனால் யாருக்கு எவ்வளவு கூடியது? ஒழுங்காக வேலைக்கு வந்து பேர் போட்டு, தோட்டம் நாளுக்குக் கேட்ட கிலோ கொழுந்தையும் எடுத்தவருக்கு 20 ரூபா. அடிப்படை ஏறியதால் அவருடைய ஊழியர் சேமலாப நிதி (EPF) கழிவு, 8 வீதப்படி, 40 இலிருந்து 56 ஆனது. ஆகக் கைக்கு வந்தது 4 ரூபா. அவர் பெயரில் நிதியில் சேர்ந்தது, கம்பனியின் 12 வீதத்தையும் கூட்டினால், நாளுக்கு 40 ரூபா அதிகம். வருகையும் 75 வீதத்துக்குக் குறைந்து கிலோவும் குறைந்தவருக்கோ 530 போய் 750 வந்தது. ஒரே லயத்தில் (வரிசை வீட்டில்) இந்த இருவரும் இருப்பார்கள். எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பது செக்ரோலில், அதாவது தோட்டத்தின் பேர்ப்பதிவு ஏட்டில், கிடக்கிறது, மேடையில் இல்லை.

நீங்கள் எதிரும் புதிருமாக நிற்பதில் எங்களுக்குக் குறையில்லை. ஒரே சங்கம் மட்டும் இருந்தால் இரண்டில் ஒரு கணக்கு வெளியே வந்தே இராது. ஆளுக்கொரு தாளைக் காட்டிப் பேசுவதுதான் குறை.

கொழுந்து நிறுவையில் இது இன்னும் மோசம். "பறிப்புக் குறைவு" என்கிறது நிர்வாகம். "கிலோ வெட்டு" என்கிறீர்கள் நீங்கள். ஒரு நிறுவைக்கு 2 கிலோ ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்தால் மூன்று நிறுவையில் 6 கிலோ. 22 கிலோ பறித்தவர் கணக்கில் 16 கிலோக்காரி. கேட்ட கிலோ 18 என்றால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். தகராறு முழுவதும் அந்த 6 கிலோவைப் பற்றியதுதான், அதை அளக்க முடியும்.

முதலில் வெறும் சாக்கை நிறுங்கள். பிறகு முத்திரையிட்ட 10 கிலோ படிக்கல்லைத் தராசில் வையுங்கள். இரு சங்கத்தாரும் கணக்கப்பிள்ளையும் பக்கத்தில் நிற்கட்டும். ஈரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், தொழிற்சாலைக் கணக்கு சொல்லும். ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை, அதாவது 21, 22 வீதம். மலையில் பதிந்த 1000 கிலோவுக்கு 270 கிலோ தேயிலை வந்திருந்தால், பதியாத கொழுந்தும் உள்ளே போயிருக்கிறது. 215 என்றால் கழிவு நியாயமானது, அதையும் கூட்டத்தில் சொல்லத்தான் வேண்டும். (அதைச் சொல்கிற தலைவருக்குக் கைதட்டல் கிடைக்காது, தெரியும்.)

இந்தக் கணக்கு பிழைக்கும் இடங்கள் இரண்டு. சிறுதோட்டக்காரரிடம் வாங்கிய கொழுந்து கலந்திருந்தால் வீதம் ஏறித் தெரியும். அதைத் தனியே கழியுங்கள். மாதக் கடைசியில் பறித்தது அடுத்த மாதத் தேயிலையாகும். அதனால் ஒரு மாதத்தை வைத்து முடிவுகட்டாமல் மூன்று மாதத்தைக் கூட்டிப் பாருங்கள்.

2026 வரவு செலவுத் திட்டம் அறிவித்த 1750 ரூபாவிலும் இதே பிரிப்பு இருக்கிறது: 1550 நாட்சம்பளம், 200 அரசு தரும் வருகைக் கொடுப்பனவு. "1750 வாங்கித் தந்தோம்" என்றோ "200 ரூபா ஏமாற்று" என்றோ பேசும் முன், வருகை குறைந்தவர், கிலோ குறைந்தவர், இரண்டும் நிறைந்தவர் என மூவரின் சம்பளத் துண்டை ஒன்றாக உட்கார்ந்து வாசியுங்கள். பெயரை மறைத்து, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஒட்டுங்கள். உங்கள் சங்கச் சந்தாக் கழிவைக் காட்டும் வரியும் அதே துண்டில்தான் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சம்பளத் துண்டும் செக்ரோலும் பார்க்கிறவர்கள்